விலகினேனா, விலக்கினார்களா?
மனச்சோர்வுற்றோர் அநீதியை எதிர்கொள்ளும் மொழி



மனச்சோர்வைப் பற்றிப் பேச மருத்துவர் ஒருவரை அழைக்காமல், மொழியியல் படித்து ஓய்வுபெற்ற ஒருவனை அழைத்திருக்கிறார்களே என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். அழைப்பு வந்தபோது நானும் அவ்வாறே எண்ணினேன். ஆயினும், மனச்சோர்வுற்ற ஒருவர் தமக்கு இழைக்கப்படும் அநீதியை எப்படி எதிர்கொள்கிறார் என்னும் கேள்வியில் மொழிக்கு ஒரு பங்கு உண்டு. அநீதியை எதிர்க்க நினைப்பவர் முதலில் ஒரு வாக்கியத்தை அமைத்தாக வேண்டும். யார், யாருக்கு, என்ன செய்தார் என்று சொல்லியாக வேண்டும். மனச்சோர்வு முதலில் கைவைப்பது அந்த வாக்கியத்தில்தான் என்பது என் எண்ணம். இதை ஆய்வு முடிவாகக் கொள்ள வேண்டாம். மொழியையே தொழிலாகக் கொண்ட ஒருவனின் கவனிப்பு என்று கொள்ளுங்கள்.

ஒரு கடிதத்திலிருந்து தொடங்குகிறேன். அது நான் எழுதிய கடிதம்.

1990களின் தொடக்கத்தில் ஒரு நிலையத்தின் திட்டத்திற்காக இந்த வட்டாரத்துத் தமிழ்ச் சொற்களைத் திரட்டிக்கொண்டிருந்தேன். பசியாறுதல், கித்தா, கம்பம் என்று நம் முன்னோர் இந்த மண்ணில் புழங்கிய சொற்கள். முதியவர்களின் வீடுகளுக்குச் சென்று கேட்டு, அட்டைகளில் எழுதி, பிஸ்கட் டின்களில் அடுக்கி வைத்தேன். இரண்டரை ஆண்டு உழைப்பு. நூல் அச்சாகி வந்தது. முகப்பிலும் உள்ளேயும் வேறொருவர் பெயர் இருந்தது. என் பெயர் எங்கும் இல்லை.

நியாயப்படி எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அப்போதோ எனக்கு உறக்கம் கெட்டுச் சில மாதங்கள் ஆகியிருந்தன. உணவில் நாட்டமில்லை. வகுப்பறைக் கதவைத் திறப்பதே பெரும்பாடாக இருந்தது. அது மனச்சோர்வு நோய் என்பது அப்போது எனக்குத் தெரியாது. நூலைப் புரட்டிப் பார்த்துவிட்டு நிலையத்திற்கு நான்கு வரிக் கடிதம் எழுதினேன். ‘இத்திட்டத்திலிருந்து விலகிக்கொள்கிறேன். என்னால் எதிர்பார்த்த பங்களிப்பைத் தர இயலவில்லை. பொறுத்தருள்க’ என்பது அதன் சாரம். என் உழைப்பை எடுத்துக்கொண்டவர்களிடம் நானே பொறுப்புக் கேட்டுக்கொண்டேன். எழுதும்போது அதில் எந்த விந்தையும் எனக்குத் தெரியவில்லை.

அஞ்சலில் சேர்க்கும் முன் அக்கடிதத்தைப் படித்தவர் உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியை ஒருவர். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் அக்கா என்று அழைப்பவர். படித்து முடித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

“தம்பி, நீங்க விலகினீங்களா, இல்ல உங்கள விலக்கினாங்களா?”

“எல்லாம் ஒன்னுதானேக்கா” என்றேன்.

“ஒன்னா? அப்ப நான் இத்தன வருசமா பிள்ளைங்களுக்குத் தன்வினை பிறவினைன்னு எதுக்கு நடத்துறேன்?”

ஆசிரியர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, மாணவர்களுக்காகச் சொல்கிறேன். தமிழில் பல வினைகள் இரட்டைப் பிள்ளைகளாகப் பிறந்தவை. திருந்து, திருத்து. அடங்கு, அடக்கு. முடங்கு, முடக்கு. ஒதுங்கு, ஒதுக்கு. வருந்து, வருத்து. நீங்கு, நீக்கு. மெல்லெழுத்து நின்றால் செயல் எழுவாயிடமே நிகழ்கிறது. அது வல்லெழுத்தாக மாறினால் எழுவாய் அச்செயலைப் பிறர்மேல் நிகழ்த்துகிறது. விலகு, விலக்கு என்பதில் ஓர் ஒற்று மட்டும் கூடுகிறது. பள்ளி இலக்கணம் இவற்றைத் தன்வினை, பிறவினை என்கிறது. இக்கால மொழியியலார் இயங்குவினை, இயக்குவினை என்று பெயரிடுவதும் உண்டு. பேராசிரியர் கு. பரமசிவம் இந்த இணைகளை ஆராய்ந்து எழுதிய நூல் 1979இல் வெளிவந்தது. தமிழ் வினைகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நூல்களில் நான் மிகுதியும் திரும்பிச் சென்றது அதற்கே.

இரண்டுக்கும் இடையே ஒரு படியும் உண்டு. ‘படு’ என்னும் துணைவினையைச் சேர்த்து ‘விலக்கப்பட்டேன்’ என்று சொல்லலாம். இதில் விலக்கியவர் யார் என்பதைச் சொன்னாலும் சொல்லலாம், விட்டாலும் விடலாம். ஆனால் யாரோ ஒருவர் விலக்கினார் என்ற தடயமாவது அந்த வல்லின இரட்டிப்பில் எஞ்சியிருக்கிறது. ‘விலகினேன்’ என்னும்போது அந்தத் தடயமும் போய்விடுகிறது. ‘விலக்கினார்கள்’, ‘விலக்கப்பட்டேன்’, ‘விலகினேன்’ என்று இறங்கி வரும் படிகள் இவை. இதற்கும் கீழே ஒரு படி உண்டு. ‘நான் விலகியிருக்க வேண்டியவன்தான்’ என்பது அது. என் கடிதம் மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் இடையில் நின்றது.

ஏன் இப்படி? மனச்சோர்வுற்றவருக்கு அநீதி உறைப்பதில்லை என்று பலரும் கருதுகின்றனர். ‘அவனுக்கு எதுவும் உறைக்காது, மரம் மாதிரி இருக்கிறான்’ என்று வீடுகளில் சொல்லிக் கேட்டிருக்கிறோம். உளவியலார் இதைச் சோதித்துப் பார்த்திருக்கின்றனர். ‘அல்டிமேட்டம்’ ஆட்டம் என்று ஒன்று உண்டு. 1982இல் வெர்னர் கூத் என்னும் ஜெர்மானியப் பொருளியலாரும் அவர் தோழர்களும் அதை ஆய்வுலகுக்குக் கொண்டுவந்தனர். நம் வழக்கில் சொல்வதானால், இருவருக்கிடையே பத்து வெள்ளி இருக்கிறது. பங்கு பிரிப்பவர் ஒருவர். ஏற்பதோ மறுப்பதோ மற்றவர் உரிமை. ஏற்றால் இருவருக்கும் சொன்னபடி பங்கு. மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. ‘எனக்கு எட்டு, உனக்கு இரண்டு’ என்று பிரித்தால், கணக்குப்படி இரண்டு வெள்ளி இலாபமே. ஆயினும் பலர் அதை மறுத்துவிடுகின்றனர். இரண்டு வெள்ளியை இழந்தேனும் அநியாயத்துக்குத் தலையாட்ட மாட்டேன் என்பது அந்த மறுப்பின் பொருள்.

2010இல் காட்யா ஹார்லே, ஜான் ஆலன், ஆலன் சான்ஃபி ஆகிய மூவர் இந்த ஆட்டத்தை மனச்சோர்வுற்றவர்களிடம் நடத்தி, மற்றவர்களோடு ஒப்பிட்டனர். நியாயமற்ற பங்கைக் கண்டபோது மனச்சோர்வுற்றோர் மற்றவர்களைவிடக் கூடுதலாக மனம் புண்பட்டதாகச் சொன்னார்கள். ஆனால் அதே நியாயமற்ற பங்கை மற்றவர்களைவிடக் கூடுதலாக ஏற்றுக்கொண்டார்கள். இத்துறையில் எல்லா ஆய்வுகளும் ஒரே முடிவைத் தந்துவிடவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆயினும் இந்த ஆய்வின் செய்தி என்னை உலுக்கியது. வலி கூடுதல், மறுப்புக் குறைவு. மரம் போல் இருக்கிறான் என்று நாம் சொன்ன அந்தப் பிள்ளைக்கு நம்மைவிட ஆழமாகக் காயம் பட்டிருக்கக்கூடும்.

உணர்வதற்கும் மறுப்பதற்கும் இடையே அறுந்துபோவது எது? திருவாரூரின் ஆராய்ச்சி மணியை நினைத்துப் பாருங்கள். மனுநீதிச் சோழன் அரண்மனை வாயிலில் மணி தொங்குகிறது. இளவரசனின் தேர்க்காலில் கன்றை இழந்த பசு வந்து அந்த மணியை அசைக்கிறது. பெரியபுராணம் இதை விரித்துரைக்கிறது. அரசனின் நீதியைத்தான் நாம் எப்போதும் வியக்கிறோம். நான் அண்மைக்காலமாகப் பசுவை வியக்கிறேன். அவ்வளவு துயரத்திலும் அதற்கு இரண்டு எண்ணங்கள் எஞ்சியிருந்தன. நடந்தது தவறு என்பது ஒன்று. மணியை அடித்தால் யாரேனும் வருவார்கள் என்பது மற்றொன்று. மனச்சோர்வில் முதல் எண்ணம் இருக்கும். சில வேளை மிகக் கூர்மையாகவே இருக்கும். இரண்டாவது இராது.

1967இல் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு தொடக்க விளக்கத்தைத் தந்தது. தன் செயலால் வேதனையை நிறுத்த முடியாத நிலையில் வைக்கப்பட்ட நாய்கள், பின்னர் தப்பிக்க வழியிருந்தபோதும் பெரும்பாலும் முயலாமல் கிடந்தன. இயலாமையை அவை கற்றுக்கொண்டுவிட்டன என்று அன்று விளக்கினார்கள். சுமார் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், 2016இல், அதே இருவரும் தம் விளக்கத்தைத் தாமே திருத்திக்கொண்டனர். நீண்ட வேதனைக்கு உயிர் இயல்பாகக் காட்டும் முதல் எதிர்வினையே செயலற்றுக் கிடப்பதுதான். கற்க வேண்டியது ‘என் செயலால் இது மாறும்’ என்பதையே என்றனர். தம் பெயர் பெற்ற கோட்பாட்டைத் தாமே தலைகீழாகப் புரட்டிய அந்த நேர்மைக்கு ஒரு வணக்கம். ஆசிரியர்களுக்கு இதில் பாடம் இருக்கிறது. ‘ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாய்?’ என்று நாம் கேட்கும் கேள்விக்கு விடை அந்தப் பிள்ளையிடம் இல்லை. வாயைத் திறந்தால் ஏதேனும் மாறும் என்பதை அவன் எங்கே, எப்போது கற்றான் என்பதே கேட்கத்தக்கது.

மற்றொன்றும் உண்டு. தகுதியின்மை உணர்வும் அளவுமீறிய குற்றவுணர்வும் மனச்சோர்வின் அறிகுறிகளுள் மருத்துவர்கள் எண்ணுபவை. காய்ச்சலில் உடல் சுடுவது போல, இந்நோயில் தன்மேல் பழி போட்டுக்கொள்வது நோயின் வேலை. வெளியிலிருந்து ஓர் அநீதி வந்து விழும்போது, அதை வைக்க உள்ளே ஓர் இடம் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. ‘என்னால்தான்’, ‘எப்போதும் இப்படித்தான்’, ‘எதிலும் இப்படித்தான்’ என்னும் மூன்று வாக்கியங்கள் அந்த இடத்தைக் காவல் காக்கின்றன. அவற்றில் வரும் ‘தான்’ என்னும் இடைச்சொல்லைக் கவனியுங்கள். வேறு காரணம் எதையும் உள்ளே விடாமல் கதவைச் சாத்துவது அதுவே.

ஆங்கிலத்தில் இத்தகைய சொற்களை எண்ணியே ஆய்வு செய்திருக்கின்றனர். மனச்சோர்வுற்ற கல்லூரி மாணவர்கள் தம் கட்டுரைகளில் தன்மை ஒருமைச் சொற்களைக் கூடுதலாகப் பயன்படுத்தியதாக 2004இல் ஓர் ஆய்வு வந்தது. அதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவர முடியாது. நாம் ‘நான்’ என்று சொல்லாமலே பக்கம் பக்கமாக நம்மைப் பற்றி எழுதலாம். வினையின் ஈற்றில் நிற்கும் ‘ஏன்’ விகுதி அந்த வேலையைச் செய்துவிடும். தமிழில் எண்ண வேண்டியவை வேறு. இங்கே இருக்கும் மாணவர் எவரேனும் முனைவர்ப் பட்டத்துக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தால், இதை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். நூலில் உங்கள் பெயரே இருக்கும் என்று உறுதி தருகிறேன்.

நோயின் பெயரிலும் எனக்கு ஒரு சிறு குறை உண்டு. மனச்சோர்வு நல்ல சொல்தான். ஆனால் சோர்வு என்று கேட்டவுடன் நம்மவர்கள் ‘ஓய்வெடு, சரியாகிவிடும்’ என்கிறார்கள். தமிழ்நாட்டு ஏடுகள் பலவற்றில் மன அழுத்தம் என்ற ஒரே சொல் தேர்வுக்கால நெருக்கடியையும் குறிக்கிறது, இந்நோயையும் குறிக்கிறது. குறைந்தது இரண்டு வாரங்கள் நாள்தோறும் நீடித்து, உறக்கத்தையும் உணவையும் சிந்தனையையும் தாக்கும் ஒரு நோய்க்கும், நாளை மறுநாள் தீர்ந்துவிடும் நெருக்கடிக்கும் ஒரே பெயர் இருந்தால் குழப்பமே மிஞ்சும். சிங்கப்பூரில் 2016இல் மனநலக் கழகம் நடத்திய ஆய்வின்படி, பெரியவர்களில் ஏறத்தாழ 16 பேரில் ஒருவர் வாழ்வில் ஒருமுறையேனும் இந்நோய்க்கு ஆட்படுகின்றனர். ஐம்பது பேர் அமரும் ஓர் ஆசிரியர் அறையில் மூவர்.

அந்த மூவரும் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்பது நோயின் போக்கையே மாற்றவல்லது. பிரிட்டிஷ் அரசு ஊழியர்கள் பத்தாயிரம் பேருக்கு மேற்பட்டோரை 1985 தொட்டுப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்த இரண்டாம் வைட்ஹால் ஆய்வில், மேலதிகாரிகளால் நியாயமாக நடத்தப்படவில்லை என்று கூறியவர்களிடையே பின்னாளில் மனநலக் கோளாறுகள் மிகுதியாகக் காணப்பட்டன. அநீதி நோயை வளர்க்கிறது. நோய், அநீதியை எதிர்க்கும் வாயை அடைக்கிறது. எதிர்ப்பு எழாத இடத்தில் அநீதிக்கு வசதி.

2025 சனவரியில் சிங்கப்பூர் நாடாளுமன்றம் வேலையிட நியாயத்தன்மைச் சட்டத்தை நிறைவேற்றியது. வயது, இனம், சமயம், உடற்குறை முதலியவற்றோடு மனநலக் குறைபாட்டையும் காரணமாகக் கொண்டு ஒருவரைப் பாரபட்சமாக நடத்துவதை அச்சட்டம் தடுக்கிறது. முறையீடுகளை விசாரிக்க முதலாளிகள் ஒரு நடைமுறையை வைத்திருக்க வேண்டும்; முறையிட்டவரைப் பழிவாங்கக் கூடாது. வரவேற்க வேண்டிய சட்டம். ஆனால் அந்த நடைமுறையும் ஓர் ஆராய்ச்சி மணிதான். கயிற்றைப் பிடிக்க ஒரு கை நீள வேண்டும். எவரைக் காப்பதற்காக அந்தச் சொல் சட்டத்தில் சேர்க்கப்பட்டதோ, அவருக்குத்தான் கை நீள்வது கடினம். இது சட்டத்தின் குறையன்று. அருகில் இருப்பவர்களுக்கு எஞ்சியிருக்கும் வேலை என்று நான் எண்ணுகிறேன்.

பள்ளியில் இந்தப் பிள்ளையை நாம் எளிதில் தவறவிடுகிறோம். குழு வேலையில் எல்லாருடைய பங்கையும் அவளே செய்வாள். மதிப்பெண் பிறருக்குப் போகும். ‘பரவாயில்லை, சார்’ என்பாள். ‘அநியாயத்துக்கு நல்ல பிள்ளை’ என்று ஆசிரியர் அறையில் பாராட்டுவோம். அநியாயம் என்ற சொல்லை நாம் மிகுதி என்ற பொருளில் அங்கே பயன்படுத்துகிறோம். சில வேளை அச்சொல் தன் பழைய பொருளிலேயே அங்கு நிற்கிறது என்பதை நாம் கவனிப்பதில்லை.

நேர்மாறான பிள்ளையும் உண்டு. வரிசையில் ஒருவன் முந்திவிட்டால் வெடிப்பான். ஒரு மதிப்பெண் குறைந்தால் தாளைக் கிழிப்பான். பதின்ம வயதினரிடம் மனச்சோர்வு சோகமாக வெளிப்படாமல் எரிச்சலாகவே வெளிப்படலாம் என்பதை மருத்துவக் கையேடுகளே ஏற்கின்றன. பெரிய அநீதியை முறையிட முடியாதவன் சிறிய அநீதியில் அதைக் கொட்டித் தீர்க்கிறான். நாமோ கிழிந்த தாளுக்குத் தண்டனை கொடுத்துவிட்டு அத்துடன் நிறுத்திக்கொள்கிறோம்.

இவர்கள் வாய் திறக்கும்போது இன்னோர் ஆபத்து காத்திருக்கிறது. ‘உனக்கு உடம்பு சரியில்லை, அதனால் அப்படித் தோன்றுகிறது’ என்று சொல்லிவிடுவது. ஒருவர் இன்னார் என்பதாலேயே அவர் சொல்லுக்கு உரிய மதிப்பைக் குறைப்பதைத் தனியொரு வகை அநீதியாகவே 2007இல் விளக்கினார் மிராண்டா ஃபிரிக்கர் என்னும் மெய்யியலாளர். மனச்சோர்வு சில வேளை பார்வையைக் கோணலாக்கும் என்பது உண்மை. ஒரு புன்னகை தவறியதை வெறுப்பாக எடுத்துக்கொள்ள நேரலாம். ஆனால் கோணலா நேரா என்பதை நடந்ததைக் கேட்ட பிறகல்லவா சொல்ல முடியும்? நோயும் உண்மை, அநீதியும் உண்மை என்று இருக்கவும் கூடுமே. எனக்கு அப்படித்தான் இருந்தது.

ஆகவே ஆசிரியர்களிடம் நான் கேட்பது சிறிய உதவி. ‘நான் ஒதுங்கிட்டேன்’, ‘என் பெயர் விட்டுப்போச்சு’, ‘எனக்குக் கிடைக்கல’ என்று ஒரு மாணவர் சொன்னால், அந்த வாக்கியத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல், பிறவினையில் ஒரு முறை திருப்பிக் கேளுங்கள். ‘யாராவது ஒதுக்கினார்களா?’ என்று கேளுங்கள். ‘இல்லை’ என்பது விடையானால் அதையும் நம்புங்கள். உண்மையிலேயே ஒதுங்கியிருக்க விரும்பும் பிள்ளைகளும் உண்டு. ஒரு வினைச்சொல்லைக் கண்டு நோயைக் கண்டறிய இயலாது. ‘ஆம்’ என்று வந்தால், உடனே போய் எதிர்த்து நில் என்று தள்ளிவிடாதீர்கள். நடந்ததை நாள், இடம், பெயருடன் நீங்களே எழுதி வையுங்கள். கயிற்றை அவர் சார்பில் நீங்கள் பிடிக்க வேண்டியிருக்கலாம். அதற்கு அவர் இசைவு வேண்டும். இரண்டு வாரத்திற்கு மேல் வாட்டம் நீடித்தால் பள்ளி ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ அழைத்துச் செல்வதும் இதன் பகுதியே. சிங்கப்பூரில் 1771, 1767 ஆகிய எண்களை எந்நேரமும் அழைக்கலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை அவர் சொன்னால், அன்று இலக்கணமெல்லாம் வேண்டாம். உடன் இருங்கள்; உடனே உதவிக்கு ஆள் அழையுங்கள்.

என் கதையை முடித்துவிடுகிறேன். அக்கா அந்தக் கடிதத்தை அனுப்பவிடவில்லை. அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, மறுநாள் என்னை மருத்துவரிடம் அழைத்துப் போனார். மருந்துக்கும் ஆலோசனைக்கும் நான் தேறிவர ஏறத்தாழ ஏழு மாதங்கள் ஆயின. அதன் பிறகே நிலையத்துக்கு முறையான கடிதம் எழுதினேன். ஒரே பக்கம். ‘என் பெயரை நீக்கியுள்ளீர்கள்’ என்பது முதல் வாக்கியம். அதை எழுத ஒரு மாலைப்பொழுது முழுதும் ஆயிற்று.

பதில் மரியாதையாகவே வந்தது. ‘அச்சுப் பணியின்போது தங்கள் பெயர் விடுபட்டுப்போயிற்று’ என்று எழுதியிருந்தார்கள். படித்துவிட்டு நெடுநேரம் சிரித்தேன். செய்தவர்களும் அதே இலக்கணத்தில்தான் ஒளிந்துகொண்டார்கள். என் முதற் கடிதத்தில் நான் அவர்களை அழித்திருந்தேன். அவர்கள் பதிலில் தம்மைத் தாமே அழித்துக்கொண்டார்கள். பெயரோ தானாகவே விடுபட்டுப்போயிருந்தது.

சில ஆண்டுகள் கழித்து நூல் மறுபதிப்புக் கண்டது. கடைசிப் பக்கத்தில், ‘உதவியோர்’ என்னும் தலைப்பின்கீழ், சிறிய எழுத்தில், பதினோராவது பெயராக என் பெயர் இருந்தது. அக்கா ஒரு பிரதி வாங்கிவந்தார். மாணவர் கட்டுரையைத் திருத்துவது போலச் சிவப்பு மையால் ‘உதவியோர்’ என்பதைச் சுழித்து, பக்க ஓரத்தில் ‘உதவினாரா, செய்தாரா?’ என்று எழுதி என்னிடம் கொடுத்தார். அந்தப் பிரதி இன்னும் என் மேசையில் இருக்கிறது.